கடன் வசூல் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள்

ராயகிரி மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் மதினிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நான் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மடலை டாக்டர்களுக்கோ அதிகாரிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ராயகிரியில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், அவருக்கு ராவும் பகலும் பண்டுவம் பார்ப்பது உங்களில் ஒருத்திதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. குழுக் கூட்டத்தில் சேமிப்பை வாங்கி, கடன் தவணையை வசூலித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டதும் எல்லோரும் எழுந்துவிடுகிறீர்கள். மாதத்தில் ஒரு கூட்டத்தில் மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடுமையான நோயில் கிடப்பவரை வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்பதை, உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் வராத நாளிலேயே, ஒருவருக்கொருவர் கையால் செய்து காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போதே? பக்கவாதமோ, புற்றுநோயோ, சிறுநீரகக் கோளாறோ வந்தவரை திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ ராஜபாளையம் வழியாக மதுரைக்கோ கொண்டு போகிறோம். அங்கே செய்ய வேண்டியதைச் செய்து, சில நாளில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நல்லா பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர் இருக்கும், மறுபடி வர வேண்டிய தேதி இருக்கும். நல்லா பார்த்துக்கொள்வது எப்படி என்பது மட்டும் இருக்காது. கார் ராயகிரிக்கு வந்து சேர்ந்த ராத்திரியில் இருந்து வீட்டின் முன்னறைதான் வார்டு, மருமகள்தான் நர்ஸ். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பாசம் இருந்தால் தானாக வந்துவிடும் என்று ஊர் நினைக்கிறது. தானாக வராது. நர்ஸிங் பள்ளியில் மூன்று வருசம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை இது. அதில் வீட்டுக்கு வேண்டிய பகுதி கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் தெரியாததால் எத்தனையோ பேர் வந்த நோயில் பிழைத்து, படுக்கைப் புண்ணிலும், புரையேறி நுரையீரலுக்குள் போன கஞ்சியிலும், மூத்திரக் குழாய் வழியாக ஏறிய கிருமியிலும் போய்ச் சேர்கிறார்கள்.

நர்ஸுகளுக்கெல்லாம் மூத்தவர் என்று நாங்கள் கும்பிடும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கிரிமியப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்த அனுபவத்துக்குப் பின் எழுதியது. அதை நர்ஸுகளுக்கான பாடமாக அவர் எழுதவில்லை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கும் பெண்களுக்கு என்றே எழுதினார். காற்று, வெளிச்சம், சுத்தம், சத்தமில்லாமை, நேரத்துக்குச் சாப்பாடு இவற்றைத்தான் அதில் பேசுகிறார். இன்றைக்கும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கூட்டத்தில் புரட்டிப் போடுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். மெலிந்த உடம்பு அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சதை நசுங்கும். நசுங்கிய இடத்துக்கு ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத சதை சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றச் சொல்கிறோம். உங்களில் ஒருத்தி கட்டாந்தரையில் ஒரு துணியை விரித்து அசையாமல் படுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே குதிகாலும் வால் எலும்பும் குத்தத் தொடங்கும், நீங்கள் நகர்ந்துகொள்வீர்கள். பக்கவாதக்காரரால் நகர முடியாது, சிலருக்கு வலிக்கிறது என்பதே தெரியாது.

புரட்டுவதற்கு ஒரு பழைய நூல் சேலை போதும். அதை நாலாக மடித்து, நோயாளியின் தோளில் இருந்து தொடை வரைக்கும் அடியில் வரும்படி விரித்துவிடுங்கள். முடிச்சோ தையலோ மேலே வரக் கூடாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, சேலையின் ஓரத்தை அவர் உடம்போடு ஒட்டி வரும்வரை சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். "அத்தை, இப்ப ஒங்களைத் திருப்பப் போறோம்" என்று சொல்லிவிட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணிச் சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள். தூக்கும்போது முழங்கால் மடங்கட்டும், உங்கள் முதுகு வளைய வேண்டாம். கக்கத்தில் கை கொடுத்து இழுக்கவே கூடாது. இழுத்தால் தோல் படுக்கையில் உரசிப் பிய்ந்துவிடும். வாதம் வந்த கையாக இருந்தால் தோள் மூட்டே இறங்கிவிடும்.

முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பு அழுந்தும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்துச் சற்றே சாய்வாக விடுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்தால் குதிகால் கட்டிலைத் தொடாமல் நிற்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத்தை வாங்கி அதன்மேல் உட்கார வைக்கிறார்கள்; வேண்டாம், அந்த வளையத்தின் விளிம்பே ரத்தத்தைத் தடுக்கும். காற்று மெத்தை நல்லது. ஆனால் மெத்தை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ரப்பர் ஷீட் போட்டால் அதன்மேல் நூல் துணி கட்டாயம். வெறும் ரப்பர் உடம்பை வேக வைத்துவிடும்.

தினமும் மேல் துடைக்கும்போது எலும்பு துருத்தும் இடங்களை எல்லாம் பாருங்கள். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, காது மடல். நிறம் மாறின இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு பழைய நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் மாறாமல் அப்படியே இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. புத்தகங்களில் 'சிவந்திருக்கும்' என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்தோ கத்தரிப்பூ நிறத்திலோ இருக்கும், சில சமயம் தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ மட்டும் இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், ஸ்பிரிட் போடாதீர்கள். அந்தப் பக்கம் பாரம் படாமல் படுக்க வையுங்கள், நர்ஸுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

புண்ணாகிவிட்டால் ஒரு வார்த்தை. சங்கரன்கோவில் புற்றுமண்மேல் நம் எல்லோருக்கும் நம்பிக்கை உண்டு. நெற்றியில் பூசுங்கள், சாமியை வேண்டிக்கொள்ளுங்கள். திறந்த புண்ணில் மட்டும் எந்த மண்ணும் படக் கூடாது. மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கலாம். சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் பாசம் ஆளைக் கொல்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் சோர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் விழுங்க வைத்துச் சோதித்துப் பார்க்காமல் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் படுத்தபடி கொடுக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், தாடை சற்றுக் கீழே தாழ்ந்திருக்கட்டும். சின்ன ஸ்பூனில், நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். வெறும் தண்ணீர்தான் எளிதில் இறங்கும் என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழலுக்குள் ஓடும், கொழகொழவென்ற கூழும் மசித்த சோறும் நின்று இறங்கும். எந்தப் பதம் அவருக்குச் சரி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருமினாலோ, குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கரகரத்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் கன்னத்துக்குள் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டு அனுப்பியிருந்தால் மூக்கு நுனியில் டியூப் எந்த அளவில் நிற்கிறது என்று பேனாவால் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் வெளியே வந்திருந்தால் எதுவும் ஊற்ற வேண்டாம். நீங்களே உள்ளே தள்ளவும் வேண்டாம். தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சின் அழுத்துகட்டையை எடுத்துவிட்டு, உயரப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் டியூப் அடைக்காது. எல்லா மாத்திரையையும் பொடித்துக் கரைக்கக் கூடாது. எதைப் பொடிக்கலாம் என்று மருந்து வாங்கும்போதே கேளுங்கள். டியூப் வழியாகத்தானே சாப்பிடுகிறார் என்று வாயை மறந்துவிடாதீர்கள். அந்த வாய்தான் சீக்கிரம் நாறும், புண்ணாகும். காலையும் ராத்திரியும் மெல்லிய பிரஷ்ஷாலோ ஈரத் துணி சுற்றிய விரலாலோ துடையுங்கள்.

மூத்திரக் குழாய்க்கு விதி எளிது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது. ஆளைப் புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைப்பார்கள், அப்போது பையில் இருப்பது திரும்ப உள்ளே ஏறும். பை நிறைவதற்கு முன்னாலேயே இறக்கிவிடுங்கள். சில மணி நேரமாகச் சொட்டே இல்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். மடங்காமலே இப்படி என்றால் அடைப்பு, உடனே ஆஸ்பத்திரி. இவை எல்லாவற்றுக்கும் முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்ததும், ஓய்வு பெறும் நாள் வரை ஞாபகப்படுத்தியதும் அதுதான்.

இனி வைத்தியத்தோடு சேர்ந்து வரும் ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று விசயம் தெரிந்தால் போதும்.

புற்றுநோய்க்குக் கீமோ போட்டு வந்தவருக்கு, ஊசி போட்ட ஒன்று இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும். கிருமியோடு சண்டை போட ஆள் இருக்காது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருங்கள். 100.4 டிகிரிக்கு ஏறினால், நள்ளிரவாக இருந்தாலும், மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்; கீமோ போட்ட ஆள் என்பதை ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லலாம். கீமோ முடிந்த முதல் 2 நாளைக்கு அவருடைய மூத்திரம், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டே எடுங்கள், தனியாகத் துவையுங்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்த இடத்தில் மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், அங்கே போட்டிருக்கும் மை அடையாளத்தை அழித்துவிடாதீர்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கையில் ரத்தக் குழாயை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, ஊசி போடவோ விடாதீர்கள். குடம் தூக்குவது, தலைக்கு வைத்துப் படுப்பது கூடாது. அந்த இடத்தில் விரலை வைத்தால் சர்ரென்று ஒரு அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவர் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு, அதை டாக்டர் சொல்லியிருப்பார். இளநீரும் வாழைப்பழமும் நோயாளிக்கு ஏற்றவை என்று நாம் நினைக்கிறோம். சிறுநீரகம் கெட்டவருக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இருதயத்தையே நிறுத்திவிடும்.

சர்க்கரை நோயாளி திடீரென்று வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கியிருக்கும். விழுங்கும் நினைவு இருந்தால் 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். கட்டி அடைத்த பக்கவாதமாக இருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நம் ஊரில் இருந்து ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரத்தை அந்த நேரத்தில் கழித்துப் பாருங்கள், வாதத்துக்கு ஊரில் செய்வதுபோல் புறா ரத்தம் தேய்த்துக்கொண்டிருக்க நேரம் மிஞ்சாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

காசநோய்க்காரரை ஒதுக்க வேண்டாம்; காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், மாத்திரையை ஒரு நாளும் விட விடாதீர்கள். காசநோயில் இறப்பைக் குறைக்க 2022ல் நம் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் நோயாளி ரொம்ப மெலிந்திருக்கிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தானவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன் தவிர மற்றதை வீட்டில் இருந்தே நீங்களும் பார்க்கலாம்.

இதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காய்ச்சல், சாப்பாடு, மூத்திரம், வெளிக்குப் போனது, கொடுத்த மாத்திரை, புரட்டிய நேரம் இவற்றை எழுதுங்கள். குழுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதுகிற உங்களுக்கு இது பெரிய காரியமில்லை. 'நேத்துல இருந்து ஒரு மாதிரியா இருக்காக' என்று சொல்வதைவிட அந்த நோட்டை நீட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

வலியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். முற்றிய புற்றுநோயின் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், விதி அப்படி என்று நம்புகிறோம். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்தது. அதன் மேல்படியில் இருப்பது மார்ஃபின், வாயில் போடும் மாத்திரையாகவே. நம் நாட்டில் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது ஆஸ்பத்திரிகளிலேயே அரிதாகப் போனது. 2014ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். ஆகவே கேளுங்கள். 'வலி 10க்கு எவ்வளவு?' என்று நோயாளியிடம் தினமும் கேட்டு நோட்டில் எழுதி, அதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் கடைசி மருந்து என்று அழுது ஊரைக் கூட்டாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் ஆள் அதற்கு அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன மணிக்குச் சரியாகக் கொடுங்கள். அந்த மாத்திரை மலச்சிக்கல் பண்ணும். பேதி மருந்தும் கூடவே எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் எழுதியாக வேண்டும். தலைக்கூத்தல். விருதுநகர் மாவட்டம் நமக்கு எட்டின தூரம்தான். அங்கிருந்து 2010 வாக்கில் செய்தித்தாள்களில் வந்தது, 'பாரம்' என்ற படமாக வந்து தேசிய விருதும் வாங்கியது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியக்காலம் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீரை ஊற்றி, பாலை ஊற்றி அனுப்பி வைப்பது. சட்டப்படி அது கொலை. செய்பவர்கள் பலரும் வாய்க்குள் முணுமுணுப்பது 'அவுக படுற பாட்டைப் பார்க்க முடியல' என்பதுதான். அந்தப் பாட்டைப் பிரித்துப் பாருங்கள். குறையாத வலி, நாறும் புண், பல நாள் போகாத மலம், காய்ந்த வாய், தூக்கமில்லாத மருமகள், போன கூலி. இதில் பெரும்பகுதிக்கு மருந்தும் உண்டு, முறையும் உண்டு, மேலே எழுதியதெல்லாம் அதுதான். உயிர் போகும் தறுவாயில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூனாகப் பால் ஊற்றும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். விழுங்க முடியாதவருக்குள் அது மூச்சடைப்பாகப் போய் இறங்கும். கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்காது. பட்டினி போட்டுவிட்டோம் என்று பழி சுமக்க வேண்டாம். ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள். மூச்சு கரகரவென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். சொத்துச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நைட்டிங்கேல் தன் புத்தகத்தில் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து வாய்க்கு வந்த நம்பிக்கையும் யோசனையும் சொல்பவர்களுக்காகவே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நம் ஊரில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருபவர்களைப் போன்ற சொந்தக்காரர்கள் அவர் ஊரிலும் இருந்திருக்கிறார்கள் போலும். 'எங்க மாமாவுக்கும் இதேதான் வந்துச்சு, ரெண்டு மாசந்தான்' என்று கட்டிலருகே சொல்லும் அத்தையை நீங்கள் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார வருபவரிடம் "மதினி, கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க, அவரைப் புரட்டிருவோம்" என்று வேலை கொடுக்கலாம். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போனால், ராத்திரிப் புரட்டல் மட்டும்தான் வீட்டுக்காரிக்கு மிஞ்சும்.

ஆண்களையும் கூப்பிடுங்கள். எண்பது கிலோ ஆளைத் தூக்கிப் புரட்டுவதற்கு மெலிந்த மருமகளும், டீக்கடையில் அரசியல் பேசுவதற்கு மகனுமா? ஷேவ் செய்வது, நகம் வெட்டுவது, வெளிக்குப் போனதைத் துடைப்பது எதுவும் பெண்ணுக்கென்று எழுதி வைத்த வேலையில்லை. நர்ஸிங் கல்லூரிகளில் இன்றைக்குப் பையன்களும் படிக்கிறார்கள்.

உங்கள் குழுவால் ஆகக்கூடிய இன்னொரு காரியம் இருக்கிறது. ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் மடக்குச் சக்கர நாற்காலியும், வாக்கரும், கமோடு நாற்காலியும், ஓட்டை விழாத காற்று மெத்தையும் தூசி படிந்து கிடக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஆள் போன பிறகு அதை வைத்திருக்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. அவற்றை வாங்கி, பிளீச்சிங் கரைத்த தண்ணீரில் துடைத்துக் காய வைத்து, ஒரு நோட்டில் பதிந்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்குங்கள். கல்யாணப் பாத்திரம் கொடுத்து வாங்குவதுபோலத்தான். ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு சக்கர நாற்காலி இருந்தால்கூட ராயகிரிக்கு ரொம்ப நாளைக்குத் தாங்கும். பண்டுவம் பார்க்கும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி முழுத் தூக்கம் கிடைக்கும்படி முறை போட்டு ஆள் அனுப்புங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடப்பவள் அவள். அவளுடைய அந்த மாதத் தவணைக்கு என்ன செய்வது என்பதையும் குழுவில் பேசுங்கள்.

அரசாங்கத்தின் பங்கையும் விட்டுவிட வேண்டாம். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுப்பதில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை தர நர்ஸும், கை கால் பயிற்சி தர பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வர வேண்டும். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பையும் வீடு தேடி வர வேண்டும். அந்தத் திட்டத்துக்கு 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதுகூடக் கிடைத்தது. மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர்கள் உங்களைப் போன்ற குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான். எந்தத் தெருவில், எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால், நர்ஸ் வரவில்லை என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்கும். அந்த நர்ஸையே ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் பாடம் எடுக்கவும் சொல்லலாம்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நம் ஊருக்கு மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சின்ன அமைப்பைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தெருத்தெருவாக ஆட்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், மாணவர், வீட்டுப் பெண்கள் என்று வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கியவர்கள்தான் அதைத் தாங்கினார்கள். 2008ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இன்று அங்கே பஞ்சாயத்துகளே நர்ஸை வைத்து வீடு வீடாக அனுப்புகின்றன. உங்களிடம் வாரா வாரம் கூடும் குழுக்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ராயகிரி பேரூராட்சியிடம் நாளைக்கு எதையாவது கேட்பதானாலும், பட்டியலும் பயிற்சியும் உள்ள குழுவாகப் போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

முதல் மாதம் புரட்டுவது, இரண்டாம் மாதம் ஊட்டுவது, மூன்றாம் மாதம் குழாய்களும் கை கழுவலும், பிறகு ஒவ்வொரு நோயாக. ஒரு வருசத்தில் முடித்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு தலையணையும், குழுவுக்கு ஒரு பழைய நூல் சேலையும் கொண்டு வாருங்கள். நோயாளியாக யார் படுப்பது என்று சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாம். உங்களில் கனத்த உடம்புக்காரி யாரோ அவர் படுத்தால் ரொம்ப நல்லது. அவரைப் புரட்டக் கற்றுக்கொண்டால் ஊரில் யாரையும் புரட்டிவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி